பார்க்காதவள் எழுதிய இருபத்தொன்று

அந்த வேலைக்கு ஈயக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவள் எதையும் பார்த்ததில்லை என்பதுதான். கம்பெனி வக்கீல் அதை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அவள் இல்லை என்றாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில், தனக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒரு படித்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவது அவளுக்குப் புதிதாக இருந்தது.

லிஃப்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் கம்பெனி அது. மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருபத்துமூன்று வயதில் அவள் அங்கே சேர்ந்தது பலகைகளில் ஈயம் பற்றவைக்க. பெயர் அப்படித்தான் வந்தது. காலை முதல் மாலை வரை புகை மூக்கில் ஏற, ஒரு பலகைக்கு நூற்றுப் பதினெட்டுப் புள்ளிகள். நாளடைவில், தான் பற்றவைத்த சிப்புகளின் கால்கள் வழியாக உள்ளே என்னதான் போகிறது என்று அவளுக்கு அரிப்பு எடுத்தது. அந்தச் சிப்புக்கான கையேட்டை மதிய இடைவேளைகளில் படித்தாள். பிறகு ஒரு வரி புரோகிராம் எழுதிப் பார்த்தாள். பற்றவைப்பு மேசைக்கும் கணினி மேசைக்கும் பதினெட்டு அடி தூரம். அதைக் கடக்க அவளுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. கையேட்டைத் தவிர வேறெதையும் அவள் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

லிஃப்டுப் பலகைக்குள் ஓடும் மென்பொருளின் அடிமட்டம் கெர்னல். கதவைத் திறப்பது, மாடியைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அதன் தோளில் ஏறி நின்று வேலை செய்யும் புரோகிராம்கள். சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொது அலமாரி உண்டு. எழுத்துக்களின் நீளத்தை அளக்க, நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொன்றில் பிரதி எடுக்க, ஒரு பகுதி முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்ப என்று நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள் அதில் தயாராக இருக்கும். கையை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். யார் செய்துவைத்தது என்று நினைக்கக்கூட மாட்டார்கள். கெர்னலுக்குள் அந்த அலமாரி எட்டாது. வேண்டியதை உள்ளேயே செய்துகொள்ள வேண்டும். கதவுக்கான புதிய புரோகிராம் அப்படி இருபத்திரண்டு ஃபங்ஷன்கள் கேட்டது.

வெளியே சும்மா கிடைப்பதை எடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் போட்டிக் கம்பெனி ஒன்று எட்டே எட்டு வரிகளுக்காக வழக்குப் போட்டு, முதலாளியை ஒன்றரை வருடம் கோர்ட்டு வராந்தாவில் உட்காரவைத்திருந்தது. அன்றிலிருந்து வெளியார் எழுதிய ஒரு வரியைக்கூடச் சும்மா எடுத்து ஒட்ட அவர் விடுவதில்லை. ஆகவே வக்கீல் ஒரு முறை வகுத்தார். அந்த ஃபங்ஷன்களை முன்பே பார்த்த ஒருவர், ஒவ்வொன்றும் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் தாளில் எழுதுவார். எப்படிச் செய்யவேண்டும் என்று தப்பித்தவறி எழுதிவிட்டால் வக்கீல் அதைக் கறுப்பு மையால் அடிப்பார். பிறகு தாள் இன்னொருவரிடம் போகும். அவர் எதையும் பார்க்காதவராக இருக்கவேண்டும். இருவருக்கும் நடுவில் ஒட்டுப்பலகைச் சுவர்.

கம்பெனியில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் இணையத்தில் இந்த ஃபங்ஷன்களை மேய்ந்தவர்கள். பார்க்காதவள் ஈயக்கா ஒருத்திதான். பார்த்தவர்களிலேயே அதிகம் பார்த்தவர் யார் என்றால், போட்டிக் கம்பெனியில் பத்து வருடம் இதே வேலையைச் செய்துவிட்டு இங்கே வந்தவர். தாள் எழுத அவர்தான் பொருத்தம். அவர் ஈயக்காவின் கணவர்.

வக்கீல் இதைக் கேள்விப்பட்டதும் பேனாவை மூடி வைத்தார். சிறிது நேரம் கழித்துத் திறந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயும் ஒரு பால்கனி. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் படுப்பது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் பதினான்கு வீட்டு விதிகள் வந்தன. வேலையைப் பற்றிப் பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ முகபாவத்தாலோ எதையும் தெரிவிக்கக் கூடாது. தூக்கத்தில் உளறுவது ஒன்பதாவது விதியில் வந்தது. விதிகள் நடக்கின்றனவா என்று பார்த்து வாராவாரம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது மாமியார் ஒருவர்தான்.

மாமியார் தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகனும் மருமகளும் சமையலறையில் இரண்டு நிமிடம் சேர்ந்து நின்றால் தொண்டையைச் செருமுவார். மூன்றாவது நிமிடம் தாளை எடுப்பார்.

"அத்தை, உப்பு எங்கன்னுதான் கேட்டேன்" என்பாள் ஈயக்கா.

"உப்புன்னு எழுதிக்கிறேன்" என்பார் மாமியார்.

கணவருக்குத்தான் கஷ்டம். அவர் வாயில் ரகசியம் தங்காது. பிறந்தநாளுக்கு வாங்கிவரும் பொருளைக் கடையிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிடுகிற மனிதர். அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, இந்தப் பக்கம் மனைவி தட்டுத்தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இரு என்றால் எப்படி இருக்கும். மூன்று மாதத்தில் நாலு கிலோ இளைத்தார்.

ஈயக்காவோ ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். இருபத்துநான்கு வருடம் அவள் தொட்டதெல்லாம் இன்னொருவர் வேலையின் மூலைமுடுக்கு. இங்கே இவர் எழுதியதில் ஒரு வரி, அங்கே அவர் எழுதியதில் ஒரு திருத்தம். இது முதலிலிருந்து கடைசி வரை அவளுடையது. ஃபைலின் தலையில், எழுதியவர் என்ற இடத்தில், அவள் பெயர் மட்டும் இருந்தது. தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். கடைசியில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும்: இதில் பார்த்தவர் எவருடைய உதவியும் இல்லை. அதில் ஒரு சந்தேகம் வந்தாலும் மொத்த ஃபைலையும் அழித்துவிட்டு வெளியிலிருந்து காசு கொடுத்து வேறு கெர்னல் வாங்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த நினைப்பு வந்தாலே அடிமடியில் யாரோ கை வைப்பது போல இருக்கும்.

இருபத்திரண்டும் முடிந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்தாள், சரியாக இருந்தன. பாக்கி ஒரே ஒரு படி. அதுவரை கம்பைலர் என்ற மொழிமாற்றும் மென்பொருளிடம், நான் எழுதியதை எழுதியபடி இயந்திர மொழிக்கு மாற்று, உன் புத்திசாலித்தனம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாள். லிஃப்டுக்குப் போகும்போது வேகம் வேண்டும். அதனால் இப்போது, உன் புத்தியையும் போட்டுக்கொள் என்று சொன்னாள்.

சோதனை மேசையில் லிஃப்டுப் பலகையின் விளக்கு எரிந்தது. 'டிங்' என்றது. எட்டு நொடி கழித்து மறுபடியும் 'டிங்'. மறுபடியும். பலகையில் காவல் கடிகாரம் ஒன்று உண்டு. கெர்னலிடமிருந்து எட்டு நொடிக்குள் உயிரோடிருக்கிறேன் என்று சேதி வராவிட்டால் அது எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்கும். தொடங்கும்போது ஒரு டிங். அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. புத்தி வேண்டாம் என்றால் பலகை ஒழுங்காக ஓடியது. புத்தியைச் சேர்த்தால் டிங்.

சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் இரண்டாவது டிங்கிலேயே எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் உருளும் ஓசை அவளுக்குக் கேட்டது. பிறகு உட்காரும் ஓசை. பிறகு தலையை எதிலோ மெல்ல மோதும் ஓசை.

இவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பது நாள் டிங் ஓயவில்லை. பழைய கம்பெனியில் இதே டிங்கை அவர் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். டிங் என்று பக்கத்து வீட்டில் அழைப்புமணி அடித்தால் புரையேறியது. ஈயக்கா இரவும் பகலும் இருபத்திரண்டையும் வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. ஒழுங்காக இருப்பதில் குற்றம் கண்டுபிடிப்பது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. கம்பைலர் மாற்றி எழுதியதை மொத்தமாகப் படிக்கலாம். பல ஆயிரம் வரிகள். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பத்தாவது நாள் ஞாயிறு. கூடத்தில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. அவளும் கணவரும் மடித்தார்கள். மாமியார் நாற்காலியில் தாளோடு இருந்தார். ஈயக்கா யாரிடமும் பேசவில்லை. தன் ஃபங்ஷன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் துணிகளுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து, "இது ஸ்ட்ரிங் நீளம்" என்று வலப்பக்கம் வைத்தாள். ஒரு தலையணை உறையை, "இது மெம்காப்பி" என்றாள்.

"என்னடி பேரு இதெல்லாம்?" என்றார் மாமியார்.

"துணிக்குப் பேரு வெக்கக் கூடாதுன்னு விதி இருக்கா அத்தை?"

மாமியார் பதினான்கையும் படித்துப் பார்த்தார். இல்லை.

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தார். ஸ்ட்ரிங் ஒப்பீடு, ஒரு பாவாடை. எண்ணாக்கம், இரண்டு காலுறைகள். அவர் கை தாளம் தவறவில்லை. அவள் ஒரு கைக்குட்டையை எடுத்து, நினைவகத்தை ஒரே எண்ணால் நிரப்பும் ஃபங்ஷனின் பெயரைச் சொன்னாள்: "இது மெம்செட்."

கணவர் கையில் ஒரு துண்டு இருந்தது. மடித்தார். விரித்தார். மடித்தார். விரித்தார். மடித்தார். மடித்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தார். கண் எங்கோ இருந்தது. காது நுனி சிவந்திருந்தது.

ஈயக்கா கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

மெம்செட் ஒன்றை மட்டும் கம்பைலர் என்ன செய்திருக்கிறது என்று திறந்து பார்த்தாள். அவள் எழுதியது சின்னச் சுழல்: முதல் கட்டத்தில் எண்ணைப் போடு, அடுத்த கட்டத்துக்குப் போ, தீரும்வரை செய். புத்திசாலிக் கம்பைலர் அதைப் பார்த்து, இந்த அம்மாள் நினைவகத்தை ஒரே எண்ணால் நிரப்பப் பார்க்கிறாள், பாவம், அதற்குத்தான் மெம்செட் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கூப்பிட்டால் போயிற்று என்று அவள் சுழலை எடுத்துவிட்டு, மெம்செட்டைக் கூப்பிடு என்று எழுதி வைத்திருந்தது. மெம்செட்டுக்குள்ளேயே. மெம்செட் மெம்செட்டைக் கூப்பிட, அது மெம்செட்டைக் கூப்பிட, எட்டு நொடி ஓடி டிங்.

ஆளில்லாத மாடியில் அவள் தனியாகச் சிரித்தாள். கம்பைலருக்கு ஒரு சொல் சொல்லி அந்தப் பழக்கத்தை நிறுத்த அரைமணி நேரம் போதுமாக இருந்தது. ஒரே ஒரு டிங். பலகை ஓடியது. படியிறங்கும்போதுதான் சிரிப்பு நின்றது. இருபத்திரண்டு இடங்களில் எங்கே தோண்ட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னது யார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாரத்தாளை நீட்டினார். தபால் நிலையக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. ஞாயிறு, காலை பதினொன்றே கால். மருமகள் துணிக்குப் பெயர் வைத்தாள். மெம்செட் என்றபோது மகன் ஒரே துண்டை நாலு தடவை மடித்தான்.

"பாத்ததை எழுதினேன்" என்றார் மாமியார். "வேண்டாம்னா சொல்லு, கிழிச்சிடறேன். கிழிச்சேன்னும் எழுத மாட்டேன்."

கணவர், அது வெறும் கைமறதி, துண்டு எப்போதும் அப்படித்தான், கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார். ஈயக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு அந்த நாலு கிலோ திரும்ப வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் ஃபைலைத் திறந்து தன் பெயரைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டும் மடிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"குடுங்க அத்தை" என்று தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை திங்கட்கிழமை நடந்தது. வக்கீல் தாளை இரண்டு முறை படித்தார். துண்டைக் கொண்டுவரச் சொன்னார். கணவரை மடித்துக் காட்டச் சொன்னார். கணவர் மடித்தார். இதில் ஏதேனும் தொழில்நுட்பத் தகவல் அடங்கியிருக்கிறதா என்று வக்கீல் துண்டைப் புரட்டிப் பார்த்தார். தன்னையே தான் மடித்துக்கொள்வதாக ஒரு பொருள் இதில் தொனிக்கிறதே என்றார். கணவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், இந்த எச்சரிக்கையை நான் முதல் நாளே தாள்ல எழுதியிருந்தேன். நீங்கதான் மை போட்டு அடிச்சீங்க."

வக்கீல் கோப்பைத் திறந்தார். மெம்செட் தாளில் கடைசி வரி தார் ரோடு மாதிரி இருந்தது.

"அப்ப நீங்களும் பாத்தவர்தானே சார்" என்றாள் ஈயக்கா.

வக்கீல் யோசித்தார். "படிச்சேன். ஆனா ஒரு எழுத்துகூடப் புரியலை. புரியாததைப் பார்த்தது பார்த்ததாகாது."

அவள் மொத்த ஃபைலையும் அழிக்க வேண்டுமா என்று கேட்டாள். வக்கீல் மாமியாரின் வாரத்தாள்கள் பதினாறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உப்பு பற்றிய பேச்சு ஏழு இடத்தில் இருந்தது. பால்கனிக் கொடி அறுந்தது இருந்தது. பிறகு சொன்னார்: இவ்வளவு ஒழுங்காக எழுதிய சாட்சி தன் மகனுக்கு எதிராக ஒன்றை எழுதுகிறார் என்றால், எழுதாத இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டும் நம்பும். கறை பட்டது ஒன்று. மீதி இருபத்தொன்று சுத்தம். இந்தத் தாள் இல்லாமல் துண்டு விஷயம் வேறு வழியில் தெரிந்திருந்தால் அவருக்கு இருபத்திரண்டின்மேலும் சந்தேகம் வந்திருக்கும்.

கறை பட்ட ஒன்றை யார் எழுதுவது என்று அடுத்த கேள்வி வந்தது. பதினொரு பேர் பார்த்தவர்கள். பார்க்காதவளும் இப்போது அந்த ஒன்றில் பார்த்தவள். எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

நான்கு நாள் அவர் ஒட்டுப்பலகைக்குப் பின்னால் சி மொழியின் கையேட்டோடு உட்கார்ந்தார். ஒரு கமா தவறினாலும் கம்பைலர் ஏற்காது என்று தெரிந்ததும் அவருக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வாக்கில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் குழந்தை மாதிரி குதூகலித்தார். 'வோலடைல்' என்று ஒரு சொல். அதைப் போட்டால், இந்த இடத்தில் எவர் பேச்சையும் நம்பாதே, நேரில் போ, நேரில் எழுது, குறுக்குவழி கூடாது என்று பொருள். முப்பது வருடமாகத் தான் தேடிக்கொண்டிருந்த சொல் இதுதான் என்றார். ஆறு வரி ஃபங்ஷனில் அதைப் போட முடிந்த இடத்திலெல்லாம் போட்டார்.

ஈயக்காவும் கணவரும் சோதனை மேசையருகே தள்ளித் தள்ளி நின்றார்கள், விதிப்படி. இதே சுழலில்தான் அவள் விழுந்தாள். இவரும் விழப்போகிறார், ஒன்பது நாள் வாயைத் தைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் தயாராகிக்கொண்டாள். உள்ளூரக் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

டிங்.

எட்டு நொடி போயிற்று. பதினாறு போயிற்று. பலகையின் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. யாரையும் நம்பாத அந்தச் சொல்லால் கம்பைலர் கை வைக்க இடமில்லாமல் போயிருந்தது. ஃபங்ஷன் ஆமை வேகம். ஆனால் ஓடியது, முதல் தடவையே.

"இவ்வளவுதானா?" என்றார் வக்கீல். "இதுக்கா ஒன்பது நாள் எடுத்தீங்க?"

ஈயக்கா பதில் சொல்வதற்குப் பத்து வரை எண்ணவேண்டியிருந்தது.

ஃபைலின் தலையில் இப்போது இரண்டு பெயர்கள் இருந்தன. வக்கீல் தன்னுடையதோடு பதிவு எண்ணையும் அலுவலக முகவரியையும் சேர்த்துவிட்டார். ஆனால் அது மெம்செட்டுக்கு மட்டும் என்று அவரே தெளிவாக எழுதியிருந்தார். மீதி இருபத்தொன்று அவளுடையது. உறுதிமொழியை அவள் வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்தை நிதானமாகப் போட்டாள். முதலாளி அதைக் கையில் வாங்கும்போதே அடுத்த பட்டியலையும் நீட்டினார். கதவு ஓடியதைப் பார்த்து மற்ற புரோகிராம்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இன்னும் பதினாறு ஃபங்ஷன்கள்.

அன்று மாலை விதிகள் முடிந்ததாகக் கணவர் நினைத்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பழைய கம்பெனியில இதே டிங் எங்களுக்கு எத்தனை நாள் அடிச்சது தெரியுமா? அப்ப நாங்க என்ன செஞ்சோம்னா..."

"சொல்லாதீங்க" என்றாள் ஈயக்கா.

"அதான் முடிஞ்சுபோச்சே."

"பதினாறு பாக்கி இருக்கு. நான் இன்னும் பார்க்காதவதான்."

அவர் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மாமியார் புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே, காயும் துணிகளிடம் அவர் இரண்டு கைகளையும் ஆட்டி எதையோ விளக்குவது வெகுநேரம் தெரிந்தது. ஈயக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டியலின் முதல் பெயரைப் படிக்கத் தொடங்கினாள்.